பெரும்பாறையிலிருந்து நெப்டியூனுக்குப் பஸ்

"உங்கள் புத்தகத்தால் என் கயிறு போய்விட்டது" என்று ஆரம்பித்தது அந்தக் கடிதம். நான் இரண்டு தடவை படித்தேன். மனைவி ஒரு தடவைதான் படித்தாள். படித்துவிட்டு, "யார் குடியைக் கெடுத்தீங்க?" என்று கேட்டாள்.

நான் மதுரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வானத்தைப் பற்றிப் பிள்ளைகளுக்காக ஒரு சின்னப் புத்தகம் எழுதியிருக்கிறேன். சூரியனை இரண்டடி விட்டமுள்ள பந்தாகச் சுருக்கினால் பூமி ஒரு மிளகு, அறுபத்தைந்து மீட்டர் தள்ளி. வியாழன் ஒரு கமலா ஆரஞ்சு, முந்நூற்று நாற்பது மீட்டர் தள்ளி. நெப்டியூன் ஒரு நெல்லிக்காய், இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அங்கே நின்று திரும்பிப் பார்த்தால் சூரியன் வெறும் புள்ளியாகத்தான் தெரியும். நமக்கு மிக அருகில் இருக்கும் அடுத்த நட்சத்திரத்துக்கு இன்னொரு சின்னப் பந்து வேண்டும். அதைப் பதினேழாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி, பெரு நாட்டுப் பக்கம் கொண்டுபோய் வைக்க வேண்டும். இப்படி எழுதியிருந்தேன். எதையும் நான் வைத்துப் பார்த்ததில்லை, கணக்குப் போட்டதோடு சரி. மறுபதிப்பு திங்கட்கிழமை காலை அச்சேறுவதாக இருந்தது.

கடிதம் எழுதியவர் பெரும்பாறைப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் வேலை பார்க்கும் செல்வராணி. புத்தகம் அவர் மகளுக்குப் பள்ளியில் பரிசாக வந்ததாம். "நீங்கள் சொன்னபடியே அளந்து வைத்தேன். நெப்டியூன் எங்கள் லயத்து வீடுகளுக்கு நேர் கீழே வந்து நிற்கிறது. எனக்கு அளக்கத் தெரியவில்லை என்று சொல்லித் தோட்டத்து அளவுக் கயிற்றை என்னிடமிருந்து வாங்கிவிட்டார்கள். தப்பு என் மேலா, உங்கள் மேலா என்று வந்து சொல்லிவிட்டுப் போகவும்." கீழே கையெழுத்தும் தொலைபேசி எண்ணும். வணக்கம், நன்றி எதுவும் இல்லை.

கணக்கை மூன்று தடவை சரிபார்த்தேன். பிசகில்லை. பிசகில்லாத கணக்கு எப்படி ஒருத்தியின் கயிற்றைப் பறிக்கும் என்று புரியவில்லை. சனிக்கிழமை வருகிறேன் என்று அந்த எண்ணுக்குச் சொல்லி, வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

முதல் குழப்பத்தை நானே செய்துகொண்டேன். வரைபடத்தில் கொடைக்கானலும் பெரும்பாறையும் ஒரு விரற்கடை தூரம். சரி, கொடைக்கானலில் சொகுசாகத் தங்கி, ஏரியைப் பார்த்துவிட்டு, மறுநாள் பெரும்பாறையை எட்டிப் பார்த்துவிட்டு வரலாம் என்று முடிவு செய்தேன். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் என் வயிறு எப்போதும் ஒரு வளைவு பின்தங்கியே வந்தது. பக்கத்து இருக்கை அம்மா கைப்பையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கொடுத்து, "மோந்துக்கிட்டே வாங்க. முடியலன்னா கடிச்சிருங்க" என்றார். பெருமாள்மலைக்கு முன்பே கடித்துவிட்டேன்.

தங்கிய வீட்டின் சொந்தக்காரரிடம் பெரும்பாறை எவ்வளவு தூரம் என்று கேட்டேன். "டிஸ்டன்ஸ் ஒண்ணுமே இல்ல சார். ஆனா டைம் ஆகும்" என்றார்.

"டிஸ்டன்ஸ் இல்லைன்னா டைம் எதுக்கு ஆகும்?"

"ஹில்ஸ் சார்" என்றார்.

சாயங்காலம் ஏரிக்கரையில் ஒருவர் காட்சிமுனை ஒன்றைச் சொல்லி, "டூ கிலோமீட்டர்தான், நடந்தே போயிரலாம்" என்றார். நடந்தேன். முக்கால் மணி நேரம் ஏறியும் வரவில்லை. எதிரே குதிரையைப் பிடித்துக்கொண்டு வந்தவரிடம் இன்னும் எவ்வளவு என்று கேட்டேன். "டூ கிலோமீட்டர் சார்."

"கீழேயும் ரெண்டுன்னுதானே சொன்னாங்க?"

"அது குதிரைக்குச் சொல்லிருப்பாங்க" என்று போய்விட்டார். மதுரையில் யாரிடமாவது வழி கேட்டால் நாலு ஸ்டாப்பு என்பார்கள், நாலு ஸ்டாப்பு போனால் இடம் வந்துவிடும். இங்கே ஆளுக்கொரு கிலோமீட்டர் வைத்திருக்கிறார்கள். திரும்பி வந்து இட்லி சாப்பிட்டேன். சாம்பார் வருவதற்குள் இட்லி குளிர்ந்துபோனது.

சனிக்கிழமை, அந்த விரற்கடை தூரத்தைக் கடக்க அரை நாள் ஆனது. பஸ் இறங்கியது, ஏறியது, மறுபடி இறங்கியது. பண்ணைக்காடு தாண்டி, தாண்டிக்குடி தாண்டி, இனி இறங்கவே இடமில்லை என்று நான் நம்பிய இடத்திலிருந்தும் இறங்கியது. என் காலடியில் ஒரு மூட்டை பீன்ஸ், மடியில் யாருடையதோ வாழைத்தார். பெரும்பாறையில் இறங்கியபோது தரை ஆடியது.

சேலைமேல் ஸ்வெட்டர் போட்டு, தலையில் துண்டு கட்டிய ஒரு பெண் என்னை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார். அளக்கிற பார்வை.

"நீங்கதானா எழுதுனது?" என்றார். "இன்னும் கொஞ்சம் உசரமா இருப்பீங்கன்னு நெனச்சேன்."

செல்வராணிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். பெற்றோர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். அதனால் வரிசை வீடுகளை இன்றும் லயம் என்கிறார். காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிப்பதைப் பெரட்டு என்கிறார். சுற்றிலும் காப்பிச் செடி நிற்க, வீட்டில் காப்பி போடுவதில்லை. "எங்களுக்குத் தேத்தண்ணிதான் சார்" என்று சாயத் தேநீரும், தேங்காய் ரொட்டியும், கண்ணில் நீர் வரவைக்கும் சம்பல் என்ற காரத் துவையலும் வைத்தார். இரண்டு நாளில் சூடாகச் சாப்பிட்டது அதுதான். வெட்கப்படாமல் நான்கு ரொட்டி சாப்பிட்டேன்.

பிறகு கதையைச் சொன்னார். புதிதாகச் செடி நட மலைச்சரிவில் குழி வெட்டும்போது, முப்பது மீட்டர் கயிற்றை இழுத்து, யார் யாருக்கு எங்கே முதல், எங்கே முடிவு என்று அளந்து விடுவது அவர் வேலை. கயிற்றில் மீட்டருக்கு ஒரு முடிச்சு. பதினெட்டு வருஷமாக அந்தக் கயிறு அவர் தோளில்தான் கிடந்தது. பொங்கலுக்கு லயத்தில் உறியடி, பானை உடைப்பு என்று நடக்கும். இந்தத் தடவை செல்வராணி, சூரியனை வைத்துக் காட்டுகிறேன் என்று கிளம்பியிருக்கிறார். பழம் பறிக்கும் கூடை ஒன்றில், வாய் சரியாக இரண்டடி உள்ளதாகப் பார்த்து, மஞ்சள் சேலையை இழுத்துக் கட்டி லயத்து முற்றத்தில் சாய்த்து வைத்தாராம். அதுதான் சூரியன். அங்கிருந்து ரோட்டோடு கயிறு பிடித்து மிளகு, ஆரஞ்சு என்று ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போய், இரண்டு கிலோமீட்டர் முடிவில் நெல்லிக்காயை வைத்திருக்கிறார். லயமே பின்னால் ஊர்வலமாகப் போயிருக்கிறது.

"வச்சுட்டு நிமிந்து பாத்தா, தலைக்கு மேல எங்க லயம். கூடை பின்னலு தெரியுது சார். மேலருந்து எங்க மதினி, 'சோறு ஆறுது, வாங்க'ன்னு கூப்புடுறா. புள்ளியாத் தெரியும்னு நீங்க எழுதிருந்தீங்க. சனம் சிரிச்ச சிரிப்பு இன்னைக்கும் அடங்கல. நெப்டியூனுக்குக் கொழம்பு வாசம் அடிக்குதுங்கிறாங்க."

சிரிப்போடு போயிருந்தால் பரவாயில்லை. ரோட்டையே அளக்கத் தெரியாதவள் நம் பங்கை மட்டும் எப்படிச் சரியாக அளந்திருப்பாள் என்று மறுநாள் பெரட்டில் ஒருவர் கேட்க, நாலு பேர் ஆமாம் போட, தோட்டத்து ரைட்டர் பெரியசாமி கயிற்றை வாங்கி வைத்துக்கொண்டார். வேலையை ஆட்களுக்குப் பிரித்துக் கொடுக்கிற மேற்பார்வையாளரை இங்கே ரைட்டர் என்கிறார்கள். "கூலி அதேதான் சார், வேற சோலி குடுத்துருக்காங்க. ஆனா இந்தப் பதினெட்டு வருசமும் நான் ஏமாத்துனேன்னு ஆகிப்போச்சுல்ல?" என்றார் செல்வராணி. எனக்குச் சம்பல் புரையேறியது.

மத்தியானம் ரைட்டர் பெரியசாமியே கயிற்றோடு வந்தார். ஐம்பது வயதைத் தாண்டிய, எதையும் நம்பாத முகம். "வாத்தியாரே வந்துட்டீங்க. நீங்களே ஒரு நுனியப் புடிங்க" என்றார். லயத்து முற்றத்திலிருந்து ரோட்டோடு மூவரும் அளந்தோம். ரோடு கோயில் மணியின் நாக்கு மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் போய்ப் போய்த் திரும்பியது. கயிறு ஓர் இடத்தில்கூடத் தொய்யவில்லை. முடிவில் நின்ற இடம், பொங்கலன்று செல்வராணி அடையாளத்துக்குச் சுண்ணாம்பு தடவிய அதே கல். நிமிர்ந்து பார்த்தேன். லயத்து மதினி மேலிருந்து என்னைப் பார்த்துக் கையாட்டினார்.

என் கணக்கு சரி. அவர் அளவு சரி. ஆனால் வியாழனைவிட நெப்டியூன் சூரியனுக்குப் பக்கத்தில் இருந்தது. எனக்குத் தலை சுற்றியது, இந்தத் தடவை வளைவினால் அல்ல.

"அப்ப யாரு மேல தப்பு?" என்றார் ரைட்டர். நான் கண்ணாடியைத் துடைத்தேன். வேறு என்ன செய்வது? பேச்சை மாற்றுவதற்காக, பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் எதிர்மலையில் புகை விட்டுக்கொண்டிருந்த தகரக் கூரையைக் காட்டி அது என்ன என்றேன். டீக்கடை என்றார்கள். எவ்வளவு தூரம் என்றேன்.

"எந்தத் தூரம் கேக்குறீங்க?" என்றார் செல்வராணி.

"எத்தனை விதத் தூரம் இருக்கு?"

"பாக்குற தூரம்னா இந்தா கெடக்கு. பஸ் தூரம்னா சுத்திப் போவணும், ஒன்றரை மணி நேரம். நடக்குற தூரம்னா பள்ளத்துல எறங்கி ஏறணும், அரை நாளு." சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். கீழே சுண்ணாம்புக் கல்லைப் பார்த்தார். மேலே லயத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "சார். எந்தத் தூரம்னு நீங்க எழுதவே இல்லையே?"

இருபத்தாறு வருஷமாக, இரு புள்ளிகளுக்கு இடையே மிகக் குறுகிய வழி நேர்கோடு என்று கரும்பலகையில் எழுதி வருகிறேன். அந்த ஒரு சொல்லைப் புத்தகத்தில் போடவில்லை. சமதரைக்காரனுக்கு இருப்பது ஒரே தூரம். அதனால் எனக்குத் தோன்றவே இல்லை. அவமானமாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

ரைட்டர் இதற்கெல்லாம் மசியவில்லை. "வாயால சொன்னா ஆச்சா? புள்ளியாத் தெரியணும். தெரிஞ்சாத்தான் கயிறு." போனில் வரைபடத்தைத் திறந்து, லயத்திலிருந்து நேராகக் கோடு இழுத்தேன். எதிர்மலை டீக்கடை ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டரில் வந்து விழுந்தது. நடுவில் உள்ள கிரகங்களுக்குத்தான் இடமில்லை. சனி பள்ளத்தாக்குக்கு மேலே அந்தரத்தில் தொங்க வேண்டும்.

"நெசத்துலயும் அது அந்தரத்துலதான சார் நிக்குது?" என்றார் செல்வராணி.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளனே நானும் ரைட்டரும் நெப்டியூனுக்குப் பஸ் ஏறினோம். செல்வராணி லயத்தில் சூரியனோடு நின்றுகொண்டார். "வெரசாப் போய்ட்டு வாங்க, மதியத்துக்கு மேல மஞ்சு மூடிரும்" என்று சொல்லி, நெல்லிக்காயை என் சட்டைப் பையில் போட்டு அனுப்பினார்.

ஆறாவது வளைவில் வயிறு கிளம்பியது. எலுமிச்சை கொண்டுவர மறந்திருந்தேன். ஒன்பதாவது வளைவில் கை தானாகப் பைக்குள் போனது. துவர்ப்பும் புளிப்பும் நாக்கில் இறங்கி உயிர் வந்தபோது, ரைட்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், நெப்டியூனத் தின்னுட்டீங்க."

கொட்டையைக் காட்டினேன். "இது புளூட்டோவா?" என்றார். அவர் வாயிலிருந்து வந்த முதல் வேடிக்கை அது. என்னால் சிரிக்க முடியவில்லை.

அடுத்த வளைவில் டயர் போனது. எல்லாரும் இறங்கினோம். வாழைத்தார்க்காரர் ஒருவர் பாறையில் உட்கார்ந்து, நாங்கள் எங்கே போகிறோம் என்று விசாரித்தார். ரைட்டர் ஒளிக்காமல் சொன்னார். வாழைத்தார்க்காரர், "அதுக்கு ஏன் பஸ்ஸு? அது நேரா இந்தாதான இருக்கு?" என்று டீக்கடைப் பக்கம் கையைக் காட்டினார். டயர் மாற்றி, ஏறி, இறங்கி, கண்ணெதிரே இருந்த இடத்துக்குப் போய்ச் சேர மூன்று மணி நேரம் ஆனது.

டீக்கடையில் கண்ணாடிக் குடுவையில் உப்பு நெல்லிக்காய் இருந்தது. ஒன்றை வாங்கி, கழுவி, பெஞ்சின்மேல் நெப்டியூனாக வைத்தோம். பக்கத்திலிருந்த பலா மரத்தடியில் மட்டும் சிக்னல் கிடைக்கும் என்றார் கடைக்காரர். எதிரே பார்த்தேன். லயம் தீப்பெட்டி அடுக்கியது போல இருந்தது. அதற்குள் மஞ்சு என்று இவர்கள் சொல்லும் பனிமூட்டம் ஏறிவந்து அதையும் மூடிவிட்டது.

சூடான பணியாரம் தின்றுகொண்டு காத்திருந்தோம். ரைட்டர் கடிகாரத்தைப் பார்த்தார். மஞ்சு நகரவில்லை என்றால் என்ன ஆகும் என்று கேட்டேன். "என்ன ஆவும்? நீங்க மதுரைக்குப் போவீங்க. அவ அளக்கத் தெரியாதவளா இருப்பா" என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. நான்காவது பணியாரம் எனக்கு இறங்கவில்லை.

ஒருவழியாக மஞ்சு கிழிந்தது. நான் கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். பச்சை தெரிந்தது, லயம் தெரிந்தது, வேறொன்றும் தெரியவில்லை. புத்தகம் எழுதியவனுக்குத் தெரியவில்லை. ரைட்டர் எழுந்து நின்று கையை நெற்றியில் வைத்துக்கொண்டார். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் எவர் வேலை செய்யாமல் உட்கார்ந்திருக்கிறார் என்று முப்பது வருஷம் பார்த்த கண். மரத்தடிக்குப் போய்ப் போன் போட்டார்.

"ஏ செல்வராணி, கூடையக் குப்புறப் போடு." பார்த்தார். "நிமித்து." பார்த்தார். "திரும்பக் குப்புறப் போடு." இப்படி மூன்று தடவை. பிறகு என் பக்கம் திரும்பி, "இருக்கு சார். மஞ்சளா ஒரு புள்ளி. குப்புறப் போடச் சொன்னா போயிருது, நிமித்தச் சொன்னா வந்துருது. புள்ளிதான்" என்று மெதுவாகச் சொன்னார்.

போனை என்னிடம் கொடுத்தார். "சார், ஸ்பீக்கர்ல போட்டுருக்கேன். லயமே நிக்குது" என்றது செல்வராணியின் குரல். "யாரு மேல தப்புன்னு இப்பச் சொல்லுங்க."

வாழ்நாளெல்லாம் அடுத்தவர் நோட்டில் சிவப்பு மையால் தப்புப் போட்டவன் நான். "செல்வராணி அளந்தது சரி. புத்தகம்தான் தப்பு. எந்தத் தூரம்னு நான் எழுதலை" என்றேன். அந்தப் பக்கம் ஒரு சத்தம். கைதட்டலா, சிக்னல் கரகரப்பா என்று தெரியவில்லை.

"நாளைக்குப் பெரட்டுல கயித்த வாங்கிக்க" என்றார் ரைட்டர்.

"நாளைக்கு எதுக்கு? இன்னைக்கே குடுங்க" என்றது போன்.

அங்கேயே நின்று மதுரை அச்சகத்துக்கும் பேசினேன். ஒரே ஒரு வரி, எல்லாத் தூரங்களும் நேர்கோட்டில் என்று சேர்க்க வேண்டும், சேர்த்துவிட்டுக் காலையில் மிஷினில் ஏற்றலாம் என்றேன். அச்சக முதலாளி நிம்மதியாகச் சரி என்றார். நானும் நிம்மதியாக ஒரு டீ குடித்தேன்.

திரும்பும் பஸ் பெரும்பாறையில் பத்து நிமிஷம் நின்றது. அங்கே இறங்கிய ரைட்டர் வீட்டுக்குப் போய்க் கயிற்றைக் கொண்டுவந்தார். பஸ் நிற்கும் இடத்தில் காத்திருந்த செல்வராணி அதை நன்றி சொல்லி வாங்கவில்லை. கை மாற்றி மாற்றி இழுத்து ஒவ்வொரு முடிச்சாகப் பார்த்தார். ஒரு முடிச்சு நெகிழ்ந்திருந்தது. "யாரு இத இழுத்தது?" என்று கேட்டு, பல்லால் கடித்து இறுக்கினார். பிறகு சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு என் ஜன்னலுக்கு வந்து, ஒரு பை கமலா ஆரஞ்சும் ஒரு பொட்டலம் மிளகும் கொடுத்தார்.

"சார், ஒரு சந்தேகம். இனிமே நேர்கோடுன்னு போட்டுருவீங்கல்ல?"

"சொல்லிட்டேன். காலையில அச்சாகுது."

"அந்தப் பக்கத்து நட்சத்திரத்துக்கும் நேர்கோடுதானே?"

"எல்லாத்துக்கும்தான்."

"பதினேழாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர். பெரு நாட்டுல வைக்கணும்."

"ஆமா."

டிரைவர் ஏறினார். செல்வராணி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "பூமிய இந்தப் பக்கத்துலருந்து அந்தப் பக்கம் ஊசி குத்துன மாதிரி நேராப் போனாலே பன்னெண்டாயிரத்து எழுநூத்திச் சொச்சம்தான்னு மூணாம் பக்கத்துல நீங்கதான சார் எழுதிருக்கீங்க? பெருவுக்குப் போறது உருண்டைய வளைஞ்சுல்ல போறது? அது பஸ் தூரமாச்சே?"

பஸ் நகர்ந்தது. கூடவே நாலு எட்டு நடந்தார், பதில் வருமா என்று பார்த்துக்கொண்டு. நான் விரல் விட்டு எண்ணினேன். பிறகு மறுபடி எண்ணினேன். முதல் வளைவு வந்தது, செல்வராணியும் கயிறும் மறைந்தார்கள். அவர் சொன்னது சரி.

அவசரமாக அச்சகத்தை அழைத்தேன். "நாளைக்கு மிஷின்ல ஏத்தாதீங்க."

"மறுபடியும் எழுத்துப்பிழையா சார்?"

அடுத்த வளைவில் சிக்னல் போய்விடும்.

"இல்லைங்க" என்றேன். "நட்சத்திரத்தை வைக்கப் பூமி பத்தலை."